கணவருக்கு முன்தோல் நீக்கினால் மனைவிக்கு எச்.ஐ.வி. வராதா?

முன்தோல் நீக்கினால் எச்.ஐ.வி. தொற்று 60 சதவீதம் குறையும் என்கிறார்களே, அந்தக் கணக்கு உங்களுக்கானது இல்லை, அம்மா. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்று வருவதுதான் அவ்வளவு குறைந்தது. முன்தோல் இறுக்கத்துக்காக நாலு வாரம் முன்பு பாலக்காட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் கணவர், போனில் எதையோ படித்துவிட்டு 'இனி உனக்கும் பயமில்லை, ஆணுறை வேண்டாம்' என்பது தப்பு.

பெண்களுக்கும் பலன் உண்டு என்று கணித மாதிரிகள், அதாவது வருங்காலத்தில் தொற்று எப்படிப் போகும் என்று போட்டுப் பார்க்கும் கணக்குகள், காட்டுவது உண்மைதான். ஆனால் அது ஊர்க்கணக்கு. நிறைய ஆண்கள் செய்துகொண்டால் தொற்றுள்ள ஆண்களின் எண்ணிக்கை குறையும், பல வருடம் கழித்துப் பெண்களுக்கும் தொற்று குறையும். ஏற்கெனவே தொற்று இருக்கிற ஒருவரின் மனைவியை அது காப்பாற்றாது. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் அப்படிப்பட்ட ஆண்களுக்கே ஆபரேஷன் செய்து பார்த்து, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். மனைவிகளுக்குத் தொற்று குறையவில்லை. புண் ஆறுவதற்குள் சேர்ந்த தம்பதிகளில் கூடுதலாகவே தெரிந்தது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ஒரே வரி: மூன்றாவது வாரமே சேர்ந்தோம், தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் முழுதாக ஆற ஆறு வாரம் ஆகும். அதுவரை உறவே வேண்டாம். இன்னும் கசிந்தால், மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவாமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டச் சொல்லுங்கள்.

அவர் மாதக்கணக்கில் மும்பைக்கு லாரியில் லோடு ஏற்றிப் போகிறவர், வெளியில் தொடர்பு உண்டா என்று கேட்கவும் முடியவில்லை என்கிறீர்கள். ஊகித்துக்கொண்டு இருக்காதீர்கள், இருவரும் பரிசோதனை செய்யுங்கள். கேரள அரசு மருத்துவமனைகளில் 'ஜ்யோதிஸ்' என்ற எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் இலவசம், ரகசியம் காப்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தெரிந்த முகம் இருக்குமே என்றால், பொள்ளாச்சி அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு (தமிழ்நாட்டில் அதே பரிசோதனை மையத்தின் பெயர்) போங்கள். இப்போது இல்லை என்று வந்தாலும், கடைசியாகச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அவருக்கு இருப்பது தெரிந்து, சேர்ந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், தடுப்பு மாத்திரை தருவார்கள். அவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நின்றுவிட்டால் உறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது.

கொசு, ஒரே தட்டு, துண்டு இதிலெல்லாம் எச்.ஐ.வி. பரவாது. முடி கொட்டுவதை மட்டும் வைத்து எச்.ஐ.வி. என்று நினைக்காதீர்கள். நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் இயல்பானது. அதற்கு நீங்களாக வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இன்றே நிறுத்துங்கள்.

கணவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தயங்கினால், முதலில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது.