கேள்வி – பதில்: ஆய்வுக்கூடத்தில் பெண்கள், எதை எண்ணுவது?

கே: எங்கள் பொறியியல் கல்லூரியில் பாலினச் சமத்துவ அறிக்கை தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர்களில் 43 சதவீதம் பெண்கள். இதை எழுதிக் கொடுத்தால் போதாதா?
– உதவிப் பேராசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

ப: போதாது. யார் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று அந்த 43 சொல்லாது. முதலில் பதவிவாரியாகப் பிரியுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: உதவிப் பேராசிரியர் 60 பேரில் பெண்கள் 33, இணைப் பேராசிரியர் 25-ல் 8, பேராசிரியர் 15-ல் 2. மொத்தம் 100-க்கு 43 வந்துவிட்டது. பேராசிரியர்களில் மட்டும் பார்த்தால் 13.3 சதவீதம்தான். 43-ஐ 13.3-ஆல் வகுத்தால் 3.2. இதற்குக் கண்ணாடிக் கூரைக் குறியீடு என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஷீ ஃபிகர்ஸ்’ அறிக்கைகளில் இந்தக் கணக்கு உண்டு. 1 என்றால் வேறுபாடு இல்லை. 1-ஐத் தாண்டத் தாண்ட, மேல்படி பெண்களுக்கு எட்டாமல் போகிறது.

சின்ன எண்ணிக்கையில் இந்தக் குறியீடு துள்ளும். மேற்படி கல்லூரியில் இணைப் பேராசிரியை ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்தாலே 16-ல் 3 ஆகி, குறியீடு 2.3-க்கு இறங்கிவிடும். நிர்வாகம் அதைச் சாதனை என்று போட்டுக்கொள்ளும். எனவே ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ஆள் எண்ணிக்கையையும் போடுங்கள்.

அடுத்து, ஆள் எடுத்த ஒவ்வொரு முறைக்கும் நான்கு எண்கள் வேண்டும்: விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், தேர்வானவர், வேலையில் சேர்ந்தவர். நான்கையும் ஆண், பெண் எனத் தனித்தனியே எழுதுங்கள். விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் நடுவில் பெண்கள் குறைந்தால் ‘இடைவெளி இல்லாத அனுபவம்’ போன்ற நிபந்தனையைச் சந்தேகப்படுங்கள். குழந்தைக்காக ஓரிரு ஆண்டு வீட்டில் இருந்தவர் அங்கேயே கழிக்கப்பட்டுவிடுவார். தேர்வாகியும் சேரவில்லை என்றால் விடுதி, பேருந்து, கணவருக்கு வேலை உள்ள ஊர் ஆகியவற்றை விசாரியுங்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பமே வரவில்லை என்றால், ஆய்வுக்கு யாருக்கு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, கல்லூரி தரும் ஆய்வு நிதி யாருக்கு, ஆய்வக இடம் யார் பெயரில் என்ற மூன்றையும் எடுத்தாலே பாதிக் கதை வெளியே வரும்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை நிரந்தரப் பணியாளர்களோடு கலக்காதீர்கள். கலந்தால் பெண்களின் விகிதம் உயர்ந்தது போலத் தெரியும். உயர்ந்தது எந்த வரிசையில் என்பது மறைந்துவிடும். மார்ச் 8 அன்று நடத்திய கோலப் போட்டியையும் அறிக்கையில் ஏற்ற வேண்டாம்.

நாட்டளவிலும் படிப்பில் பஞ்சமில்லை. உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் அறிவியல் படித்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். ஆனால் 2018 நிலவரப்படி ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம்தான். இரண்டும் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது. பட்டத்துக்குப் பிறகுதான் பெண்கள் குறைகிறார்கள் என்பதற்கு மட்டும் இவை போதும்.

கே: குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கும் நெம்புகோல் ஒன்றை மாணவர் புராஜெக்டாகச் செய்கிறோம். ‘பெண்களுக்கும் ஏற்றது’ என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறார் வழிகாட்டி. எதை வைத்து எழுதுவது?
– பாலிடெக்னிக் மாணவர், ஆத்தூர்

ப: அளந்து பார்த்த பிறகு எழுதுங்கள். ஆய்வின் உள்ளடக்கத்திலேயே பாலினத்தைக் கவனிக்க வேண்டும் என்பது அறிவியலில் பெண்களின் பங்கை உயர்த்த யுனெஸ்கோ நடத்திய ‘சாகா’ திட்டம் பட்டியலிட்ட கொள்கை நோக்கங்களில் தனியாகவே உள்ளது.

கைப்பிடியில் தேவைப்படும் விசையைப் பலம் குறைந்த பெண்ணை வைத்தும், கால் வைக்கும் இடைவெளியை உயரமான ஆணை வைத்தும் முடிவு செய்வது வழக்கம். பெண்களின் இழுவிசை சராசரியாக ஆண்களுடையதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான். கைப்பிடிப் பக்கம் 120 செ.மீ., கிழங்குப் பக்கம் 20 செ.மீ. என்றால் ஆறு மடங்கு ஆதாயம். 60 கிலோ இழுவை தேவைப்படும் கிழங்குக்குக் கையில் 10 கிலோ போதும். அப்படியானால் கோலை இன்னும் நீட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் தவறுவார்கள். கைப்பிடி தோளுக்கு மேலே போய்விட்டால் குள்ளமான பெண்ணால் உடல் எடையைப் போட்டு அழுத்த முடியாது. கை மட்டும்தான் வேலை செய்யும், சீக்கிரம் வலிக்கும். கோலை நீட்டுவதைவிடத் தாங்குபுள்ளியைக் கிழங்குப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். கிழங்குப் பக்கத்தை 15 செ.மீ. ஆக்கினால் எட்டு மடங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். கிழங்கு மேலே வரும் தூரம் குறையும், அதனால் இரண்டு தடவை நெம்ப வேண்டியிருக்கும்.

சோதனையைக் கல்லூரி வளாகத்தில் மாணவர்களை வைத்துச் செய்யாதீர்கள். கிழங்கு விளையும் காட்டில், ஈரமண்ணிலும் காய்ந்து இறுகிய செம்மண்ணிலும், அன்றாடம் அந்த வேலையைச் செய்யும் பெண்களை வைத்து, அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துச் செய்யுங்கள். முடிவை ஆண், பெண் எனத் தனித்தனி வரிசையில் போடுங்கள். சராசரியை மட்டும் கொடுத்தால் உங்கள் வழிகாட்டி கேட்ட வரியை எழுத ஆதாரம் இருக்காது.

கே: பிஎச்.டி. நடுவில் குழந்தை பிறக்கப்போகிறது. பதிவு ரத்தாகிவிடுமா?
– வாசகி, ஏற்காடு

ப: ஆகாது. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை எடுக்கலாம். பிஎச்.டி. முடிக்க ஆறு ஆண்டு உச்சவரம்பு. மறுபதிவில் இரண்டு ஆண்டு, பெண்களுக்குக் கூடுதலாக இன்னொரு இரண்டு ஆண்டு; மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. வழிகாட்டி வாயால் சரி என்றார் என்பதோடு விடாமல், தேதி குறித்த ஆணையைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு முடிந்தும் திரும்ப முடியாமல் போனால், இடைவெளிக்குப் பின் ஆய்வுக்கு வருவோருக்காக மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘வைஸ்–கிரண்’ திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பிலும் வயது வரம்பைப் பாருங்கள்.

கே: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் 70 பேர் வேலை செய்கிறோம்; பெண்கள் 12 பேர்தான். குழந்தைகள் காப்பகம் தேவையில்லை என்கிறார் மேலாளர்.
– வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

ப: தேவை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றுதான் சொல்கிறது. ஆண்களும் அதில் சேர்த்தி. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அதே விதி இடம் கொடுக்கிறது.