திருமண உடையை நமக்கென்றே வடிவமைத்துத் தைக்கும்போது எதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்?

திருமணத்திற்கான உடையை ஆயத்தமாக வாங்காமல் தமக்கென்றே வடிவமைத்துத் தைத்துக்கொள்ள விரும்புவதாகவும், பிடித்த படங்களை நிறையச் சேர்த்து வைத்திருப்பதாகவும், எப்போது தொடங்குவது, தைப்பவரிடம் எவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பது மட்டும் விளங்கவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அளவெடுத்து, வடிவம் வெட்டி, உடை தைப்பதே என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் உடை நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதோ வேலைப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதோ முடிவாவதில்லை, உண்மையான துணியில் கத்தரி படுவதற்கு முன், மலிவான காடாத் துணியில் தைத்து உங்கள் உடலில் போட்டுப் பார்க்கும் மாதிரி உடையில்தான் முடிவாகிறது. வாடிக்கையாளர்கள் மிக அதிகமாகத் தவிர்க்கப் பார்க்கும் கட்டமும் இதுவே. அழகில்லாத வெளிறிய துணியில் கண்ணாடி முன் நிற்பதற்காக ஒரு நாளைச் செலவிட யாருக்கும் மனம் வருவதில்லை.

நாடாவால் எடுக்கும் அளவு சுற்றளவையும் நீளத்தையும் சொல்லும்; உடலின் வடிவத்தைச் சொல்லாது. மார்பளவும் இடுப்பளவும் ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவருக்குத் தோள் சரிந்திருக்கலாம், மற்றவருக்கு முதுகு சற்றுக் கூனியிருக்கலாம். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதோ ஒரு பக்க இடுப்பு சற்று உயர்ந்திருப்பதோ மிகச் சாதாரணம். அது இருப்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. இவையெல்லாம் மாதிரி உடையில் சுருக்கங்களாக வெளிப்படும். இடுப்பின் குறுக்கே கிடைக்கோடாக இழுத்தால் அங்கே துணி போதவில்லை. செங்குத்தான மடிப்பாகத் தொங்கினால் துணி மிகுதி. கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஓடினால் வெட்டியிருப்பதைவிடத் தோள் சரிவு அதிகம். தைப்பவர் அந்தச் சுருக்கங்களைக் குண்டூசியால் பிடித்தும், தையலைப் பிரித்துத் துணியைத் திறந்தும் சரிசெய்து, பிறகு மாதிரி உடையையே பிரித்து, அதன் துண்டுகளை வைத்து, துணி வெட்டப் பயன்படும் தாள் வடிவத்தைத் திருத்துவார். நீங்கள் தரும் கூலியின் நியாயமான பகுதி இந்த வேலைக்குத்தான் போகிறது என்பேன்.

மாதிரியைப் போட்டுப் பார்க்கும் நாளில், திருமணத்தன்று அணியப்போகும் காலணியையும் உள்ளாடையையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். குதிகாலின் உயரம் மாறினால் ஓரத்தின் நீளம் மட்டுமல்ல, நிற்கும் விதமே மாறி, முதுகிலும் இடுப்பிலும் துணி விழும் கோடும் மாறிவிடும். கண்ணாடி முன் அசையாமல் நிற்காதீர்கள். உட்காருங்கள், படியேறுங்கள், குனிந்து காலணியைத் தொடுங்கள், ஒருவரைக் கட்டியணைப்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள், மூச்சை முழுவதும் இழுத்து விடுங்கள். நீளாத துணியில் உடலோடு ஒட்டித் தைக்கும் மேலுடைக்குக்கூட மார்பளவில் ஏறத்தாழ 5 செ.மீ. தளர்வு தேவைப்படுவது, மனிதர் அதற்குள் மூச்சுவிட வேண்டும் என்பதால்தான். பல மணி நேரம் அணியப்போகும் உடை இது. புகைப்படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் பொருந்தினால் போதாது.

கோட் தைத்துக்கொள்பவர்கள் கைக்குழியை, அதாவது கைப்பகுதி உடலோடு இணையும் துளையை, கவனிக்க வேண்டும். கைக்குழி பெரிதாக, கீழே இறங்கியிருந்தால் கையை எளிதாக அசைக்கலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. அக்குளுக்கு நெருக்கமாக ஏறியிருக்கும் கைக்குழியில்தான் கை தனியாக உயரும். இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் கோட் முழுவதும் கழுத்துவரை ஏறி வரும். மார்புப் பகுதியின் உள்ளே வைக்கும் கேன்வாஸை ஒட்டுகிறாரா, தைக்கிறாரா என்றும் கேளுங்கள். தைத்த கேன்வாஸ் உடலோடு சேர்ந்து வளையும். சரியாக ஒட்டாதது நாளடைவில் பிரிந்து கொப்புளம்போல் உப்பிவிடும்.

இனி, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களுக்கு வருகிறேன். ஒரு படத்தில் நம்மைக் கவரும் வடிவம் பாதிக்குமேல் அந்தத் துணியின் குணத்தால் வருவது. ஆர்கன்சா விறைத்து நிற்கும், ஷிஃபான் வழிந்து விழும், சாட்டின் ஒவ்வொரு தையல் பிசகையும் ஒளியில் காட்டிக்கொடுக்கும். ஒன்றுக்காக வரைந்த வடிவத்தை இன்னொன்றில் தைத்தால் அது வேறு உடையாகிவிடும். ஆகவே படத்தைக் காட்டும்போது, அதில் எது பிடித்தது, கழுத்தா, தோளா, கீழ்ப்பகுதி விழும் விதமா என்பதைச் சொல்லிவிட்டு, துணியைப் பற்றித் தைப்பவர் சொல்வதைக் கேளுங்கள். மொத்தத் துணியையும் வாங்குவதற்கு முன் அரை மீட்டர் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது வீண் செலவாகாது: கையில் கசக்கிச் சிறிது நேரம் வைத்து விடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காயவிடுங்கள், ஊசி குத்திய தடம் மறைகிறதா பாருங்கள், நிறத்தைப் பகல் வெளிச்சத்திலும் மின்விளக்கிலும் ஒப்பிடுங்கள். 1981-இல் இளவரசி டயானாவின் திருமண உடையை டேவிட், எலிசபெத் இம்மானுவேல் தம்பதியர், விறைப்பாக நின்றாலும் எளிதில் கசங்கும் பட்டு டாஃபெட்டாத் துணியில் வடிவமைத்தார்கள். 25 அடி நீளப் பின்தொங்கலோடு வண்டிக்குள் அமர்ந்து வந்து அவர் இறங்கியபோது, உடை கசங்கியிருந்ததை உலகமே பார்த்தது. மிகத் தேர்ந்த கைகள் தைத்தாலும் டாஃபெட்டா டாஃபெட்டாதான்.

குறுக்கு வெட்டைப் பற்றியும் ஒரு சொல். 1920-களில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மாதெலின் வியோனே சிறிய மரப் பொம்மையின்மேல் துணியைப் போர்த்திப் பார்த்து மேம்படுத்திய இந்த முறையில், இழைக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டப்படும் துணி உடலின் வளைவுகளோடு இழைந்து விழும். அதே காரணத்தால் அது தன் எடையாலேயே கீழே இழுபட்டு நீளும். ஓரிடத்தில் அதிகமும் இன்னோரிடத்தில் குறைவுமாக நீளும். அதனால் ஓரம் மடிப்பதற்கு முன் குறைந்தது ஒரு நாள் அதைத் தொங்கவிட வேண்டும். இதற்குப் பொறுமையில்லாதவரிடம் குறுக்கு வெட்டு உடையைக் கொடுக்காதீர்கள்.

கைவேலைப்பாட்டைப் பொறுத்தவரை, எதற்குப் பின் எது என்பதுதான் முக்கியம். மணி, சரிகை, நூல் வேலைகளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தட்டையாக இருக்கும்போதே செய்கிறார்கள். துண்டுகளை வெட்டுவதும் இணைப்பதும் அதற்குப் பிறகுதான். அடர்ந்த வேலைப்பாடு துணியைச் சற்றே உள்ளிழுத்துச் சுருக்கும் என்பதால் வடிவக் கோட்டைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டிருக்க வேண்டும். மாதிரி உடையில் திருத்தி முடித்த வடிவத்தையே சட்டத்திலுள்ள துணியில் வரைய வேண்டும். திருத்தாத வடிவத்தில் வேலைப்பாடு செய்துவிட்டால், பிறகு பக்கத் தையலை ஒரு விரலளவு உள்ளே பிடிக்கக்கூட மணிகளை உடைத்தெடுக்க வேண்டியிருக்கும், அப்போது பூவும் கொடியும் பாதியில் அறுபடும். தையல் வரும் இடங்களை வெறுமையாக விட்டு, துண்டுகளை இணைத்தபின் அந்த இடைவெளியைக் கையால் நிரப்புவதே முறையான வேலை. எடையையும் யோசியுங்கள்: 1947-இல், பிற்காலத்தில் பிரிட்டன் அரசியான இளவரசி எலிசபெத்தின் திருமணத்திற்கு ஆடை வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னெல் செய்த உடையில் சிறு முத்துகளே 10,000 இருந்தன. இத்தகைய பாரத்தைத் தோள்பட்டை மட்டும் தாங்கக்கூடாது. இடுப்பின் உட்புறம் நீளாத நாடா ஒன்றைத் தைத்து, அது முதலில் உடலோடு கொக்கியில் மாட்டப்பட்டு எடையைத் தாங்க, வெளி உடை அதன்மேல் தளர்வாக அமர வேண்டும். உள்ளே இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் உடையைப் புரட்டி உட்புறத்தைக் காட்டுபவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைவேலைப்பாடு இருந்தால் ஆறு முதல் எட்டு மாதங்கள் முன்னதாகவும், இல்லையென்றால் மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகவும் தொடங்குவது நிதானமான கணக்கு. கடைசியாகப் போட்டுப் பார்ப்பது திருமணத்திற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன் இருக்கட்டும். அதற்கு முன்பென்றால் உடல் எடை மாறிவிடலாம், அதற்குப் பின்பென்றால் எதையும் திருத்த அவகாசமிராது. எடை ஏறி இறங்கும் என்று தோன்றினால் பக்கத் தையல்களின் உட்புறம் 2.5 முதல் 4 செ.மீ. வரை துணி விடச் சொல்லுங்கள். அவகாசம் எதற்கு என்பவர்களுக்கு அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ஆன் லோவின் கதையைச் சொல்வேன். 1953-இல் ஜாக்குலின் பூவியேயின், அதாவது பிற்காலத்தில் அமெரிக்க அதிபரின் மனைவியான ஜாக்குலின் கென்னடியின், திருமண உடையை ஆன் லோதான் தைத்தார். திருமணத்திற்குப் பத்து நாள் முன் ஆன் லோவின் நியூயார்க் தையலகத்தில் தண்ணீர் புகுந்து, மணப்பெண்ணின் உடையோடு தோழியர் உடைகள் பலவும் பாழாயின. அவர் மறுபடியும் துணி வாங்கி, இரவு பகலாகத் தைத்து, நேரத்தில் கொண்டு சேர்த்தார். அது அவருடைய திறமை. உங்கள் திட்டம் அப்படிப்பட்ட திறமையை நம்பியிருக்கக் கூடாது.

மாதிரி உடை தைப்பாரா, எத்தனை முறை போட்டுப் பார்க்கலாம், எந்தத் தேதிக்குப் பிறகு வடிவத்தை மாற்ற முடியாது, மாற்றினால் கூலி எப்படிக் கூடும், துணி பழுதானால் பொறுப்பு யாருடையது ஆகியவற்றை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடையைப் பெறும்போது மிச்சத் துணி, அதே நிற நூல், சில மணிகள், ஓரிரு கொக்கிகள் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். திருமணத்தன்று ஒரு கொக்கி தெறித்தால் அவைதான் உதவும். குறுக்கு வெட்டில் தைத்ததையும் மணிவேலை கனத்ததையும் தாங்கியில் தொங்கவிடாமல், நெகிழித் தாளைத் தவிர்த்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வாட்டில் வைத்திருங்கள்.