ஹொகுசாயின் 'பேரலை' மட்டும் ஏன் உலகம் முழுக்கப் பரவியது?

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்கள் எத்தனையோ இருக்க, ஓவியர் ஹொகுசாயின் 'கனகாவா பேரலை' மட்டும் டீ-ஷர்ட் வரை வந்தது எப்படி என்று கேட்கிறீர்கள். அதில் ஏற்கெனவே கொஞ்சம் ஐரோப்பா கலந்திருந்தது என்பதுதான் என் முதல் பதில். 1831 வாக்கில் ஹொகுசாய் பயன்படுத்திய அந்த அடர்நீலம், பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம். ஃபுஜி மலையை அலைக்கு அடியில் குட்டியாகக் காட்டும் தூரக்காட்சி உத்தியும் மேற்கத்தியப் படங்களைப் பார்த்துப் பழகியது. அதனால் ஐரோப்பியர்களுக்கு இது புதுசாகவும் இருந்தது, புரியவும் செய்தது.

அப்புறம், இது ஒற்றைப் பிரதி அல்ல. ஆயிரக்கணக்கில் அச்சடித்து மலிவாக விற்றார்கள். 1850களில் ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறந்ததும் இத்தகைய அச்சுகள் பாரிஸ் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. ஓவியர் வான்கோ 1888இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த அலைகளை நகங்கள் என்கிறார். நுரையின் நுனியை உற்றுப் பாருங்கள், படகைப் பிறாண்ட வரும் விரல்கள் மாதிரியே இருக்கும். கீழே படகோட்டிகள் குனிந்து ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அவர்களைப் பலர் கவனிப்பதே இல்லை!

1905இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் 'லா மேர்' (கடல்) இசைக்குறிப்பு அட்டைக்கும் இந்த அலைதான் போனது. 2024இல் வெளியான 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் இதுவே.