சரணடைந்த ஜப்பானில் அமெரிக்கச் சிப்பாய்கள் மக்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? சாக்லேட் கொடுத்த கதைகள் உண்மையா?

சாக்லேட் கொடுத்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் காட்டி "எதிரியையும் அணைத்த ராணுவம்" என்று வரும் காணொலி எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட காணொலிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிப்பாய் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். அவன் கையில் என்ன இருந்தது, எதிரே நின்றவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

1945 ஜூலையில் ஜப்பானில் தலைக்கு ஒரு நாள் அரிசிப் பங்கீடு 297 கிராமாகக் குறைந்தது. அதுவும் முழுக்க அரிசியாக வராது. கிழங்கும் சோயாவும் ஈடுகட்டும், பங்கீடு தள்ளித் தள்ளிப் போகும். அந்த நாட்டில்தான் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கொண்டுவந்து இறங்கினார்கள். ஜப்பானியரின் உணவைச் சிப்பாய்கள் சாப்பிடக் கூடாது என்று அந்தப் படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஜீப்பின் பின்னால் பிள்ளைகளை ஓடவைத்தது பசி. முகாம் சமையற்கூடத்தில் மிஞ்சிய எச்சில் கள்ளச்சந்தைக்குப் போனது. அங்கே எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துக் கிண்ணம் கிண்ணமாக விற்றார்கள். உள்ளே சிகரெட் துண்டு கிடந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்கள்.

பணத்திலும் இதே ஏற்றத்தாழ்வுதான். 1945 செப்டம்பரில் டாலருக்கு 15 யென் என்று விகிதம் வைத்தார்கள். ராணுவக் கடையில் சில சென்ட்டுக்கு வாங்கிய சிகரெட்டைச் சந்தையில் பல மடங்குக்கு விற்று, அந்த யென்னை அதே விகிதத்தில் டாலராக்கி ஊருக்கு அனுப்பலாம். வாங்கிய சம்பளத்தைவிட அனுப்பிய பணம் அதிகமானதும்தான் மேலிடம் விழித்துக்கொண்டது. 1946 செப்டம்பரில் ராணுவத்துக்கென்று தனிச் சீட்டுப் பணம் வந்தது.

சட்டத்தில் இன்னும் மோசம். தவறு செய்த சிப்பாயை விசாரிக்க ஜப்பானிய நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. 1945 செப்டம்பரிலேயே பத்திரிகைத் தணிக்கை வந்துவிட்டதால் அந்தக் குற்றங்களைச் செய்தியாகவும் போட முடியாது. "அப்போதைய பத்திரிகையில் ஒன்றுமே இல்லையே" என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் ஜப்பானிய அரசையும் சேர்த்தே குற்றம் சொல்கிறேன். சரணடைவதை அறிவித்த பேரரசரின் வானொலி உரை 1945 ஆகஸ்ட் 15. மூன்றே நாளில், 18ஆம் தேதி, வரப்போகும் படைக்கு விபச்சார விடுதிகளை ஏற்பாடு செய்யச் சொல்லி உள்துறை அமைச்சகம் மாகாணக் காவல்துறைகளுக்குத் தந்தி அடித்தது. குடும்பப் பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை முன்னால் நிறுத்தினார்கள். தங்குமிடம், துணி, சாப்பாடு எல்லாம் தருவோம் என்று விளம்பரம் வந்தது. வீடு எரிந்து, பெற்றவர்களை இழந்து நின்ற பெண்ணுக்கு அந்த மூன்றும் போதாதா? 1946 மார்ச்சில் அந்த விடுதிகளுக்குள் சிப்பாய்கள் போகக் கூடாது என்று தடை வந்தது. இரக்கத்தால் வந்த தடை அல்ல, படையில் பால்வினை நோய் பரவியதால் வந்தது. வேலை போன பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

"சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பான் செய்த படுகொலையை மறந்துவிட்டாயா?" என்று சிலர் வருவார்கள். மறக்கவில்லை. அதற்கான கணக்கை டோக்கியோவின் அநாதைப் பெண்ணிடம் தீர்க்க முடியாது.

அமெரிக்கர்கள் செய்த பெரிய நன்மையையும் சொல்லிவிடுகிறேன். 1946இல் ஜப்பானில் 30,000 பேருக்கு மேல் டைபஸ் காய்ச்சல் கண்டது. அதைப் பரப்புவது சீலைப்பேன். அது துணியின் தையல் மடிப்பில் குடியிருக்கும். அதனால் ஆடையைக் கழற்றத் தேவையில்லை. கைப்பம்பின் மூக்கைக் கழுத்துப் பட்டைக்குள் முன்னும் பின்னும், பிறகு இரு சட்டைக் கைகளுக்குள், கடைசியாக இடுப்பில் விட்டு டிடிடி என்ற பூச்சிக்கொல்லித் தூளை அடிப்பார்கள். தலையிலும் அடிப்பார்கள். பேன் முட்டையான ஈர் பொரித்து வரும்போதும் தூள் துணியில் இருக்கும் என்பதால் குஞ்சும் சாகும். டோக்கியோவின் உயேனோ ரயில் நிலையத்திலும், அகதிகள் இறங்கிய துறைமுகங்களிலும், பள்ளிகளிலும் இது நடந்தது. உயிரைக் காத்தது, சந்தேகமில்லை. ஆனால் நடுத்தெருவில் வெள்ளை மாவு பூசி நிற்பது பெரியவர்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்!

காதலித்துக் கல்யாணம் செய்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தடை அமெரிக்கச் சட்டத்திலேயே இருந்தது. 1924 குடியேற்றச் சட்டப்படி ஜப்பானியர் அங்கே குடியேற முடியாது. சிப்பாயின் மனைவிக்கும் அதே விதி. 1947 ஜூலையில் 30 நாள் மட்டும் ஒரு கதவைத் திறந்தார்கள். நிரந்தரமாகத் திறந்தது 1952இல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஆதங்கம் ஒன்று. அந்த ஜப்பானில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் காமன்வெல்த் படையின் பகுதியாக 1946இல் போன 268ஆம் இந்தியப் படைப்பிரிவுக்குத் தலைவர், பின்னாளில் நம் தரைப்படைத் தளபதியான திம்மையா. ஜப்பானியர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, அவர்கள் குடும்ப வாழ்க்கையில் கலக்கக் கூடாது என்று அந்தக் காமன்வெல்த் படைக்கு உத்தரவு இருந்தது. மெக்ஆர்தரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம்மவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரியாவது சொல்லலாம்.