பதில்: பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஜெபிக்கக் கூசும் மனமும்

அன்புச் சகோதரருக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தனியே படுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எட்டு மாதமாகக் கஞ்சி ஊட்டிவரும் உங்களுக்கு இப்போது எரிச்சல் மேலிடுவதாகவும், அதனால் ஜெபிக்கவே கூசுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது விசுவாசக் குறைவன்று, களைப்பு என்றே நினைக்கிறேன். வேதாகமத்தில் லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனின் காயங்களைக் கட்டி, சத்திரத்தில் வைத்துப் பராமரித்து, மறுநாள் புறப்படும்போது இரண்டு நாள் கூலியான இரண்டு தெனாரியத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அவனும் பாரத்தைப் பகிர்ந்துதான் சுமந்தான். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் கஞ்சியைச் சபைக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். வறிய முதியோருக்குச் சமூக நல இலாகா வழங்கும் மாதாந்தர உதவிக்கும் விண்ணப்பியுங்கள். பாட்டியின் நெற்றித் திருநீற்றைக் காட்டி உறவினர் முணுமுணுப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். ஜெபம் வராத இரவுகளில், பாட்டியின் பெயரை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு உறங்குங்கள்.