கத்திரிக்காய் யாருக்குப் பிடிக்காது?

மேடம்,

என் மகனுக்கு 6 வயது. சர்க்கரை போட்ட இடியாப்பம், தயிர்சாதம், அப்பளம், இவ்வளவுதான் அவன் சாப்பாடு. வெள்ளைப் பணியாரம் வைத்தால்கூட ஓரத்து மொறுமொறுப்பைக் கிள்ளிப்போட்டுவிட்டு நடுவை மட்டும் தின்பான். மண்டி, கும்மாயம், கோழி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. செட்டிநாட்டுப் பிள்ளை இப்படியா என்று கேட்காத சொந்தம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இவனை உட்காரவைத்தாலே எனக்குப் படபடவென்று வருகிறது.

மாமியார் எல்லாவற்றுக்கும் என்னையே சொல்வார். "ஆக்கிப்போடத் தெரிஞ்சா பிள்ளை திங்கும்" என்பார். சாப்பாட்டுக்கு முன்னால் பால் கொடுக்காதே என்பார். வெறும் வயிற்றோடு எப்படி விடுவது? கணவர் வாயே திறப்பதில்லை. நான்தான் கெஞ்சி, மிரட்டி, போனைக் காட்டி ஊட்டுகிறேன். கத்திரிக்காயை மசித்துச் செய்கிற கோசுமல்லியில் ஒரு வாயாவது வைத்தால்தான் எழுந்திருக்கலாம் என்று உட்காரவைக்கிறேன். (எனக்கும் கத்திரிக்காய் இறங்காது, அந்த வழவழப்பு ஆகாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து யாருக்கும் தெரியாமல் தண்ணீரோடு விழுங்கிவிடுவேன். அது வேறு விஷயம்.) என் சமையல் மோசமில்லை மேடம், வருகிறவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாமியாருக்கு மட்டும்தான் குறை. இவன் எப்போது திருந்துவான்?

- காரைக்குடி வாசகி

அன்புச் சகோதரி,

மாமியார், பந்தி, கணவர் எல்லாம் இருக்கட்டும். "அது வேறு விஷயம்" என்று தள்ளிவிட்டீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்களுக்குக் கத்திரிக்காயின் வழவழப்பு ஆகாது, அவனுக்குப் பணியாரத்து ஓரம். புது உணவைக் கண்டு மிரளும் குணத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் கைப்பக்குவத்தின் மேல் பழி இல்லை. ஆனால் "தாயைப் போலத்தான் பிள்ளையும்" என்று வீடு கண்டுபிடித்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. பந்தியில் வருகிற படபடப்பு அதுதான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்: இத்தனை வருடம் தண்ணீரோடு விழுங்கியும் உங்களுக்குக் கத்திரிக்காய் பிடித்துப்போகவில்லையே! கட்டாயத்தால் கிடைத்தது அவ்வளவுதான். அதையே அவனுக்கும் எப்படிச் செய்கிறீர்கள்?

என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவனுடையது. அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்ன பங்கீடு இது. அவனுக்குப் பழகிய ஒன்று தட்டில் எப்போதும் இருக்கட்டும். புதியது ஒரு துளி போதும். தொடலாம், முகரலாம், விட்டும்விடலாம். ஒரு ருசி பழக 10, 15 தடவைகூட ஆகும். நாம்தான் மூன்றாவது தடவையிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். போன் வேண்டாம். கூட உட்கார்ந்து, "எனக்கும் இது இன்னும் பழகலை, கொஞ்சம் பாக்குறேன்" என்று சொல்லி நீங்கள் ஒரு வாய் வையுங்கள். மாமியார் காதில் விழுந்தால் விழட்டும்.

மூன்றே வகை என்பதால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை எடை, உயரம், இரும்புச்சத்து பார்த்துவிடுங்கள். விழுங்கும்போது ஓங்கரித்தாலோ, இருக்கும் மூன்றிலும் ஒன்று குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

பால் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் மாமியார் பக்கம். பாலால் நிரம்பிய வயிற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்? அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.