கஞ்சிக்கோட்டை விட்டுக் கோவைக்குப் போகலாமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு வால்வு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு காப்புரிமைகளில் என் பெயரும் உண்டு. கோவையிலுள்ள பெரிய பம்பு நிறுவனம் ஒன்று அழைக்கிறது. தாவுகிறவனுக்கு வேலை படியாது என்கிறார் மேலாளர். விலகினால் இரண்டாண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தத்தையும் காட்டுகிறார். மாறினால் என் வேலை மேம்படுமா?
– வாசகர், வாளையாறு

பதில்: ஒன்பது ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தவரைத் தாவுகிறவர் என்பது சற்று அநியாயம்தான். ஜெர்மனியக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிக் காரின் ஹாய்சில் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனம் மாறியவர்கள் மாறாதவர்களைவிடக் கூடுதலாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் ஒருவருடைய கண்டுபிடிப்புகள் கூடக்கூட அவர் மாறுவதற்கான வாய்ப்பு குறைந்தது. ஆகவே, கெட்டிக்காரர்களே தாவுகிறார்கள், அதனால்தான் மாறியவர்கள் உயர்ந்து தெரிகிறார்கள் என்ற விளக்கம் இங்கே எடுபடாது. வேலை பொருந்திவிட்டவர் நகர்வதில்லை, பொருந்தாதவர் நகர்ந்து தமக்கேற்ற இடத்தைக் கண்டுகொள்கிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். படிப்பின் அளவு வேறுபாடு எதையும் தரவில்லை. வெளியிலிருந்து அறிவைத் தேடிக்கொண்டதும் நிறுவனம் பெரிதாக இருந்ததும் தந்தன.

எனவே சம்பளத்தைவிட, உங்கள் வரைபடத்தோடு வாதாடக்கூடிய ஆட்களும், வரைந்ததை உடனே ஓட்டிப் பார்க்கச் சோதனை மேடையும் அங்கே உண்டா என்பதையே முதலில் கேளுங்கள். மேற்பார்வைப் பதவி மட்டுமே தருவார்களானால், மூன்றாவது காப்புரிமை வருவது கடினம். வாளையாற்றிலிருந்து மேற்கே போன பேருந்துக்குப் பதிலாகக் கிழக்கே போகும் பேருந்தில் ஏறப்போகிறீர்கள், வீடு மாறவேண்டியதில்லை. இந்த வசதி பலருக்கு வாய்ப்பதில்லை.

அந்த இரண்டாண்டுத் தடையைக் கண்டு அஞ்சவேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. கலிஃபோர்னியாவிலும் அதே 1872இல்தான் இதுபோன்ற சட்டம் வந்தது. அங்கே 1957இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியின் ஆய்வகத்தை விட்டு எட்டுப் பேர் சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்டு என்ற சில்லு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர் 1968இல் இன்டெலைத் தொடங்கினார்கள். ஆனால் முன்னறிவிப்புக் காலமும் இரகசியக் காப்பும் உங்களைக் கட்டுப்படுத்தும். காப்புரிமை நிறுவனத்திடமே இருக்கும், கண்டுபிடித்தவர் என்ற பெயர் உங்களோடு வரும்; பென்டிரைவில் ஒரு வரைபடம்கூட வரக்கூடாது.

ஒப்புதல் கடிதம் அனுப்புமுன் அவர்களுடைய சோதனைக்கூடத்தில் அரைநாள் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். காட்டத் தயங்கினால் கஞ்சிக்கோட்டிலேயே இருந்துவிடுங்கள்.